அப்பா காரு

அவரை 'அவர்' என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. பந்தல்குடி ரோட்டில் எங்கள் எதிர்வீட்டு இரும்புக்கடைக்காரர். தன் அப்பா வாங்கிய பழைய அம்பாசிடரை வீட்டு வாசலிலேயே வைத்துப் புதுப்பித்தார். சிவப்பு ரெக்ஸின் சீட்டு, கூரைக்குப் புதுத் துணி. எல்லாம் முடிந்தும் சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் கிழிக்கவில்லை. தொப்பைக்கு மேல் தொங்கும் மஞ்சள் துண்டால், யார் உட்கார்ந்து எழுந்தாலும் அந்த இடத்தைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "எங்க அப்பா காருல்ல!" என்பார்.

ஒரு மத்தியானம் அந்த அப்பாவுக்கே மயக்கம் வந்தது. அவருடைய மருமகளும் நானும் தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். மகன் கார்க் கதவை மறித்து நின்றார்.

"அப்பா, வாந்தி கீந்தி வருமா? கொஞ்சம் இருங்க, சாக்க விரிச்சுக்கிறேன்."

பெரியவர் சாக்கைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ஆட்டோவக் கூப்பிடுய்யா. நான் அதுலயே போறேன்" என்றார்.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே அம்பாசிடர் காலியாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பெரியவரை நான் இறக்கிக்கொண்டிருந்தேன். மகனோ வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தார்:

"கைய எடுங்க! எங்க அப்பா காரு!"