அழித்த செய்தி

கைதாகும் நிருபர்களுக்காகக் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கும் என் சித்தப்பாவை, கூட்டங்களில் மூத்த எழுத்தாளர் என்று அறிமுகம் செய்கிறார்கள். அவர் தாராவியில் சாக்பீஸால் எழுதிய செய்தியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா துபாயில் இருந்தார். சித்தப்பா எங்களோடு இருந்தார். புதிதாகக் கட்டிய பொதுக் கழிப்பறையின் சுவர் இடிந்து பக்கத்து வீட்டு அக்காவின் கால் முறிந்தது. கான்ட்ராக்டர் சிமெண்டில் செய்த மோசடியைச் சித்தப்பா தான் நடத்திய வாரப் பத்திரிகைக்கு எழுதினார். மாட்டுங்காவில் இருந்த அச்சகக்காரர் அதைப் படித்துவிட்டு, கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாவுச் செய்தியும் தண்ணீர் வரும் நேரமும் எழுத எங்கள் சந்து முனையில் ஒரு கரும்பலகை உண்டு. சித்தப்பா முழுச் செய்தியையும் அதில் எழுதிவிட்டார்.

அன்று மாலையே கான்ட்ராக்டரின் ஆட்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "காலையில போர்டு சாஃபா இருக்கணும், எடிட்டர் சாப்" என்றான் ஒருவன், மிக மரியாதையாக.

அவர்கள் போனதும் அம்மா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன தம்பி, ஒத்தக்கட்ட. நான் பிள்ளைய வச்சிருக்கேன். இப்பமே போய் அழிச்சிட்டு வாங்க."

"எல்லாம் நடந்த விஷயம், மதினி."

"நடக்காததையா அழிக்கச் சொல்லுவாங்க?"

சித்தப்பா ஈரத்துணியோடு போனார். மறுநாள் காலை பலகையில் இப்படி இருந்தது: 'இங்கே இருந்த செய்தியை அழிக்கச் சொல்லி நேற்று நான்கு பேர் வந்தார்கள். அழித்துவிட்டேன்.' கீழே அவர் கையெழுத்து.

முதல் நாள் அந்தப் பக்கம் திரும்பாதவர்கள்கூடப் பலகைமுன் நின்றார்கள். குழாயடியில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: "உங்க கொழுந்தன் அப்படி என்னதாங்க்கா எழுதியிருந்தாரு?"

"அதான் அழிச்சாச்சுல்லா. கேக்கப்பிடாது" என்றாள் அம்மா.

பிறகு குடத்தைக் கீழே வைத்தாள். செய்தியை முதல் வரியிலிருந்து கான்ட்ராக்டர் பெயர்வரை, வரிசையின் கடைசிக்கும் கேட்கும்படி ஒன்றுவிடாமல் சொன்னாள். மத்தியானத்துக்குள் அது எல்லாக் குழாயடிகளுக்கும் போய்விட்டது.

அந்த வாரம் முழுவதும் அம்மா வேலைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போய், கடைசி மணி அடிக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு என்னைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.