அத்தையின் அரப்பும் வரவேற்புக் கொண்டையும்

மணப்பெண் அலங்காரத்துக்கு நான் எடுத்துச் செல்லும் பெட்டியில் சுருள் போடும் கருவி, ட்ரையர், வால் சீப்பு, ஊசிகள், ஸ்பிரே எல்லாவற்றுக்கும் நடுவில், மூடி நசுங்கிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கும். உள்ளே பச்சை நிறத்தில் இலைத் தூள். மண்டபத்து அறையில் பெட்டியை விரித்ததும் மணப்பெண்ணின் தோழிகள் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள். மருதாணியா என்று கேட்பார்கள். தலைக்குத் தேய்க்கிற அரப்பு என்றால் சிரித்துவிடுவார்கள். நான் தடுப்பதில்லை. அது என் வேலைக்குள் நுழைந்த நாளிலும் ஒருவர் இப்படித்தான் சிரித்தார். அவர் என் அத்தை, அப்பாவின் அக்கா.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டம் வாங்கியவளும் நான்தான். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் அப்பா வெல்டிங் வேலை செய்தார். என் பட்டமளிப்புப் படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டி, வருகிற டிரைவர்களிடமெல்லாம் காட்டினார். அதே அப்பாவுக்கு, நான் சேலத்துக்குப் போய் சிகை அலங்காரம் படித்ததை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அத்தைக்கு வந்தது. "நம்மூட்டுப் புள்ள அத்தனை படிச்சுப்போட்டு அடுத்தவங்க தலையத் தொட்டுத்தான் பொழைக்கோணுமா தம்பி?" என்று, நான் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். அத்தை ஒன்று சொன்னால் அப்பாவுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை போட ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். "உங்க அத்தை சரின்னா பார்க்கலாம்" என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. காலையில் முகூர்த்தம், அதற்கு முந்தின நாள் மாலை சேந்தமங்கலத்தில் வரவேற்பு. நான்தான் தலை அலங்காரம் செய்ய வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அத்தை இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "அலங்காரம் நல்லா இல்லீன்னா இந்த வேலைய உட்டுப்போட்டு ஆபீசு உத்தியோகத்துக்குப் போயிரோணும், என்ன சாமி?" சரி என்றேன். என் கையின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை இருந்தது.

சுருள் நிற்க வேண்டுமென்றால் முடியில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. அதனால் தலைக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம் என்று அத்தையிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் மாலையில் மண்டபத்து அறையில் அவளுடைய பின்னலைப் பிரித்தபோது என் விரலெல்லாம் வழவழவென்று ஆயிற்று. மதியம் எண்ணெய்ச் சீர் நடந்திருக்கிறது. உறவுப் பெண்கள் ஒவ்வொருவராக அருகம்புல்லால் தொட்டு வைத்தது போதாதென்று, அத்தை கடைசியில் கிண்ணத்தையே உச்சந்தலையில் கவிழ்த்திருந்தார்.

"வெக்காதீங்கன்னு சொன்னனுங்களே அத்தை."

"தெனமும் வெக்கற எண்ணெயத்தான் வெக்கலியே சாமி. இது சீர் எண்ணெய். இதெல்லாமா கணக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. சீருக்கு வைப்பது ஆசீர்வாதம், அது எண்ணெயாகாது என்று மனதார நம்பினார். ஆனால் கருவியைச் சூடாக்கி நான் சுற்றிய முதல் சுருள் புகைந்து, கையை எடுத்ததுமே நீருக்கு ஏங்கும் நாற்றுப் போலத் தொங்கிவிட்டது. உச்சியில் தூக்கி வாரியதும் படுத்துக்கொண்டது. மண்டபத்தில் வருவது போர் தண்ணீர், நல்ல உப்பு. ஷாம்பூவை எவ்வளவு தேய்த்தும் நுரை எழவில்லை, பிசுபிசுப்பும் போகவில்லை. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அத்தை மகளின் முகம் அழுகைக்குத் தயாரானது. அழுதால் கண் வீங்கிவிடும் என்று அதட்டினேன்.

பள்ளி நாட்களில் சனிக்கிழமை தோறும் அம்மா எனக்கு அரப்புத் தேய்த்து விடுவார். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரிலும் அது எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிடும். காய்ந்த பிறகு முடி தேங்காய் நார் மாதிரி முரடாகும். எப்படி வாரினாலும் படியாது. அதற்காக வகுப்பில் கேலியெல்லாம் வாங்கியிருக்கிறேன். படியாத முடி, பிடிப்புள்ள முடி. கொண்டைக்கு உயரம் கொடுக்க சேலத்தில் எனக்குச் சொல்லித் தந்ததும் அந்தப் பிடிப்பைப் பற்றித்தானே? திரும்பி அத்தையைக் கேட்டேன்.

"அரப்பு இருக்குங்களா அத்தை?"

அப்போதுதான் அவர் சிரித்தார். "வரவேற்புக்கு அரப்பா? ஏ அம்மிணி, இதுக்கா சேலம் போயிப் படிச்சே?" என்றார். ஆனாலும் சடங்குக்கு எண்ணெயோடு சீர்த்தட்டில் வைத்து மிச்சமிருந்த அரப்புத் தூளை அவரே எடுத்து வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குளியலறையில் மகளைக் குனிய வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நான் தேய்த்தேன். "மூக்குல போவுதும்மா" என்று மணப்பெண் கத்த, "பல்லக் கடிச்சுக்கோ, மாப்பிள்ளை ஓடிப்போயிர மாட்டாரு" என்றார் அத்தை. தூளின் துகள் ஒன்றுகூடத் தங்காதபடி அலசிவிட்டு ட்ரையரைப் போட்டேன். முடி உலர உலர என் விரலில் அந்தப் பழைய முரட்டுத்தனம் தட்டுப்பட்டது. பகுதி பகுதியாகப் பிரித்து, நுனியிலிருந்து வேரை நோக்கி எதிர்த்து வாரினேன். அப்படியே நின்றது. சுற்றிய சுருள் ஒவ்வொன்றும் சுருளாகவே இருந்தது. பின்னால் கொண்டையை ஏற்றி, சுருள்களை அதன் மேல் அடுக்கி, ஒன்றை மட்டும் காதோரம் இறக்கி விட்டேன்.

அத்தை சுற்றி வந்து பார்த்தார். "உள்ளார முட்டை கிட்டை வெச்சு அடைகாக்குறியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மேடை விளக்கின் வெக்கையிலும், கழுத்தில் மாலை ஏறி இறங்கியபோதும், மாப்பிள்ளையின் நண்பர்கள் தெளித்த நுரையிலும் அந்தக் கொண்டை அசையவில்லை. கூட்டம் சாப்பிடப் போனதும் அத்தை அப்பாவைக் கூட்டிக்கொண்டு அறைக்கு வந்தார். கண்ணாடி முன் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் நரைத்த கொண்டையை அவிழ்த்துப் போட்டார்.

"எனக்கும் ஒண்ணு போட்டு உடு. அந்தளவுக்கு ஒசரம் வேண்டாம்."

அவர் தலையில் நான் கை வைத்தபோது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கண்ணாடி வழியாகவே அவரிடம், "அந்த ரூமப் பேசி முடிச்சுரு தம்பி" என்றார்.

பிறகு ஆண்டுதோறும் தோட்டத்து வேலியோர உசிலை மரத்தில் தழை பறித்து, உலர்த்தி இடித்து, இந்த டப்பாவில் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அத்தை இல்லை. நானே போய்ப் பறித்து இடித்துக்கொள்கிறேன். கடையில் தலைக்கு ஊற்றும் விலை உயர்ந்த திரவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் மண்டபத்துக்குப் போகும்போது டப்பா பெட்டியில் இருக்கும்.

போன வாரம் மேச்சேரியில் ஒரு வரவேற்பு. மணப்பெண்ணின் நெற்றியோரம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா கையைப் பிசைந்தபடி, "சீர் எண்ணெய்ங்க, வெக்காம இருக்க முடியலீங்க" என்றார். சீர் எண்ணெய் கணக்கில்லை என்று அவரிடம் சொன்னேன். நசுங்கிய மூடியை நெம்பித் திறந்து, இரண்டு குடம் தண்ணீர் மட்டும் கொண்டுவரச் சொன்னேன்.