அணைய மறுத்த நான்கு நிமிடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் குடோனின் மாடி அறையில் நானும் அப்பாவும் வாடகைக்கு இருந்தோம். அறையில் ஒரே பிளக் பாயிண்ட். அதில் என் கம்ப்யூட்டர் ஓடும், இல்லாவிட்டால் அப்பாவின் டேபிள் ஃபேன் ஓடும். இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒருமுறை போர்டு கருகியதிலிருந்து வீட்டுக்காரர் தடை போட்டுவிட்டார். முனிசிப்பாலிட்டி ஓடைகளில் காலமெல்லாம் இறங்கிய அப்பா, நுரையீரல் கெட்டுக் கட்டிலோடு கிடந்தார். நான் மலையாளப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுத்து இருவர் வயிற்றையும் கழுவினேன்.

மதியம் வேலை முடிந்து கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸை மூடினால் அது லேசில் அணையாது. முழுதாக நான்கு நிமிடம் நிற்கும். ஒருநாள் ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கி ஒரு வார வேலையைப் பறிகொடுத்திருந்தேன். அதனால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அட்டையால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திட்டுவேன்.

"செத்துத் தொலையேன், சனியனே!"

"என்னையாடா சொல்றே?" என்பார். சிரிப்பு இருமலாகிவிடும். பிறகு, எந்த மழையில் எந்த ஓடையில் கழுத்துவரை நின்றார் என்று ஆரம்பிப்பார். திரை அணைந்ததும் நான் ஃபேனைச் செருகிவிட்டுச் சாயாக்கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

அவர் வியர்த்துக் கிடப்பது பொறுக்காமல் ஒருநாள் மல்லுக்கட்டி உட்கார்ந்தேன். அணையும்போது திரையில் ஓடும் வரிகளில் எது நிற்கிறது என்று பார்த்தேன். அச்சடிக்கும் சேவை. நான் பழசாக வாங்கிய இந்தக் கம்ப்யூட்டர் முன்பு கலூரில் ஓர் ஆபீஸில் இருந்தது. அங்கிருந்த பிரிண்டருக்கு யாரோ அனுப்பிய கடிதம் ஒன்று அச்சாகாமல் உள்ளேயே கிடந்தது. இல்லாத பிரிண்டரை நாள்தோறும் தேடிக் களைத்த பிறகுதான் இது அணைந்திருக்கிறது. கடிதத்தை அழித்தேன். பத்தே நொடி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு அணைப்பேன், ஃபேனைச் செருகுவேன், போய்விடுவேன். ஒரு வாரம் கழித்து அப்பா கேட்டார்.

"எடா, அத பழையபடி ஆக்க முடியாதா?"

"எதுக்கு? இப்ப காத்து சீக்கிரம் கிட்டுதில்ல?"

"காத்து கிட்டுது. போதும், நீ போ."

போனேன். நன்றி கெட்ட மனுஷன் என்று மனதுக்குள் வைதுகொண்டே போனேன்.

மழை பிடித்த வாரத்தில் ஒருநாள் சாயா குடித்துவிட்டு வந்தபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் திரும்பக் கேட்டது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நான்கு நிமிடத்தை என்று எனக்கு உறைத்தபோது, பிடித்த அவர் கை சில்லிட்டிருந்தது.