செவ்வாய்க்கு ஓர் ஊதாக் கரை

கனடாவுக்கு வந்த பிறகு எனக்குக் கிழமை தவறும் வியாதி பிடித்துக்கொண்டது. வெள்ளி என்று மரக்கறி சமைத்து வைத்தால் அது வியாழனாக இருக்கும். அதைத் தீர்த்துவைத்தது சோபீப்பின் பாவாடை. தையல் தொழிற்சாலையில் அவள் எனக்குப் பக்கத்து மெஷின். திங்கள் மஞ்சள், செவ்வாய் ஊதா, புதன் இளம்பச்சை என்று கிழமைக்கொரு நிறம் உடுப்பது கம்போடியப் பெண்களின் வழக்கம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தேவதை உண்டென்பது அவர்கள் நம்பிக்கை. காலையில் அவள் வந்து உட்கார்ந்ததும் பாவாடையைப் பார்த்து நாளைத் தெரிந்துகொள்வேன்.

தொழிற்சாலையை மூடியபோது சோபீப் தன் வீட்டு பேஸ்மன்டில் சொந்தமாகப் பாவாடை தைத்து விற்கத் துணிந்தாள். கணவர் சாரெத் துணி வெட்டினார். பள்ளிக்கூடம் போகும் மகள் மாலிஸ் லேபல் வரைந்தாள். நான் கூட இருந்து தைத்தேன். நான் இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ரொறன்ரோவைக் குறுக்கே கடந்து இரண்டு பஸ். என்னை அவள் "பொங்" என்பாள். அவர்கள் மொழியில் அக்கா. எங்கள் இருவருடைய ஆங்கிலமும் நொண்டிதான், ஆனால் நொண்டிக்கு நொண்டி நன்றாகவே விளங்கும். கறுப்பிலும் நாலு தைத்தால் வெள்ளைக்காரரும் வாங்குவார்களே என்று ஒருநாள் வியாபார புத்தி சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எங்கடை நாட்டிலை அந்தக் கொலைகாரர் ஆண்ட நாலு வருஷமும் எல்லாருக்கும் கறுப்பு உடுப்புத்தான், பொங். இப்ப எனக்கு எத்தினை நிறம் இருந்தாலும் காணாது."

அதன் பிறகு நான் கறுப்பு நூலைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை.

அவர்களுடைய புத்தாண்டும் எங்களுடையதும் சித்திரையில் ஒன்றாகவே வரும். வருஷம் பிறக்கும் கிழமையின் தேவதை அன்று வானத்திலிருந்து இறங்கி வருவாளாம்; அந்த வருஷம் அது புதன்கிழமை என்று கம்போடியக் கலண்டரில் இருந்தது. புதனுக்கு இளம்பச்சை. இருபத்துநாலு பச்சைப் பட்டுப் பாவாடைகளை அவர்களுடைய பௌத்த விகாரைக்கு வரும் பெண்கள் உடுத்தித் தேவதையை வரவேற்பதாக ஏற்பாடு. விகாரைச் சபைக்குப் பிடித்தால் ஏழு நிறத்துக்கும் ஓடர் வரும். பிடிக்காவிட்டால் நாங்கள் பழையபடி யாரோ ஒருவருடைய கோட்டுக்குப் பொக்கற் தைக்கப் போகவேண்டியதுதான். பச்சைத் துணி மூட்டையோடு நான் பஸ் ஏறிய நாள், வெள்ளைக்காரர் பச்சை உடுத்திக் குடித்துக் கொண்டாடும் சென் பற்றிக்ஸ் நாளாக இருந்தது. சாரதி வாழ்த்துச் சொன்னார். புதன்கிழமை தேவதை வருகிறாள், அவளுக்கான துணி இது என்று விளக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, இன்று இனிக் குடிக்காமல் நேரே வீட்டுக்குப் போகும்படி அன்பாகச் சொன்னார்.

புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்க, விகாரையிலிருந்து தொலைபேசி வந்தது. கம்போடியாவில் புதன் காலை ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் செவ்வாய் மாலை ஏழு. தேவதையை இங்கே செவ்வாயன்றே வரவேற்கப் போகிறார்களாம். செவ்வாய்க்கு ஊதா. சோபீப் பச்சைக் குவியலின் நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கை அவள் வாறது புதன், இங்கை செவ்வாய். நான் எந்தத் தேவதைக்கு உடுப்புத் தைச்சனான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். யாழ்ப்பாணத்தில் வருஷம் பிறக்கும் நேரத்துக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் சண்டை பிடிக்கும். இங்கே மணிக்கூட்டு வித்தியாசமும் சேர்ந்துகொண்டது. போன வருஷம் ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்து நாங்கள் பதின்மூன்றாம் திகதியே முழுகிப் புத்தாடை உடுத்தி, அடுத்த தெரு மச்சாளுக்குப் பலகாரம் கொண்டுபோனோம். "எங்களுக்கு இன்னும் பிறக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொரு வருஷம் ஞாபகம் வந்தது. பஞ்சாங்கம் எங்களுக்கும் உடுப்பின் நிறம் சொல்லும். ஒரு முறை சிவப்புக் கரை வைத்த வெள்ளை என்று போட்டிருந்தது. கடைகளில் வெறும் வெள்ளை வேட்டிதான் கிடைத்தது. அம்மா தன் கலியாணக் கூறைச்சேலையின் கரையில் ஒரு துண்டை வெட்டி ஐயாவின் வேட்டியில் வைத்துத் தைத்தாள். ஐயா அன்று முழுக்க மாப்பிள்ளை மாதிரித் திரிந்தார். சாரெத்திடம் ஊதாத் துணி இருக்கிறதா என்று கேட்டேன். சாம்பிளுக்கு வாங்கியது கொஞ்சம் இருந்தது, பாவாடைக்குக் காணாது, கரைக்குக் காணும். நாலு விரல் அகலம் என்று கையை வைத்துக் காட்டினேன். சோபீப் கத்தரிக்கோலை எடுத்தாள்.

செவ்வாய் மாலை இருபத்துநாலு பெண்கள் ஊதாக் கரை புரளப் பச்சையில் நடந்துவந்தார்கள். பெரிய பிக்கு வரிசையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, அங்கே புறப்பட்ட நாளையும் இங்கே வந்து சேர்ந்த நாளையும் தேவதை ஒரே பாவாடையில் பார்ப்பாள் என்று அவர் சொன்னதாக மாலிஸ் என் காதில் சொன்னாள். தங்களுக்கும் இரண்டு நாள் வைத்த பாவாடைதான் வேண்டும் என்று பெண்கள் சூழ்ந்துகொள்ள, மாலிஸின் கொப்பியில் பெயர் எழுத இடம் போதவில்லை. சோபீப் சிரித்தபடியே அழுதாள். நானும்தான்.

புறப்படும்போது அவள் இருபத்தைந்தாவது பாவாடையை என் கையில் வைத்தாள். எனக்குத் தெரியாமல் தைத்திருக்கிறாள். அங்கேயே உடுத்தி, மேலே குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டுக்குக் கீழே ஊதாக் கரை மட்டும் தெரிந்தது, பச்சை உள்ளே மறைந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நான் செவ்வாய்க்கிழமைக்காரி. ஊரில் இந்நேரம் புதன் விடிந்து, அம்மா புதுச்சேலை உடுத்தியிருப்பாள். பஸ்ஸுக்குள்ளும் குளிர்தான். ஆனாலும் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டேன்.