மகள் படங்களுக்குப் போட்ட பூட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்கும் மனைவிக்கும் தனித்தனி லாகின். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போன வாரம், அவள் படங்களை மனைவியின் லாகினில் திறக்க முடியாதபடி தடை போட்டேன். பார்த்துப் பார்த்து அழுகிறாளே என்று வெளியில் காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு ஆத்திரம்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அங்கே சரக்கு சோதனையில் தேறாவிட்டால், தப்பித் தவறி லாரியில் ஏறிவிடக் கூடாதென்று பெட்டிக்குப் பெட்டி சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். அந்தப் புத்திதான் வீட்டிலும் வேலை செய்தது. ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பூட்டினேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் நாட்கள், ஆடிப்பூரத் தேர், மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. அவள் இல்லாத ஃபோல்டர் எங்கே இருந்தது?

நாலு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் திறக்க உட்கார்ந்தேன். வீடிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் தினம் பஸ்ஸில் நின்றே போய்வரும் இடுப்பு. இதில் கோபத்தையும் சுமக்கத் தெம்பில்லை. படங்களைப் பார்த்தால் மனைவியே, ‘அவளுக்கு ஒரு போன் போடுங்க’ என்பாள். அவள் சொன்னதற்காகப் போட்டதாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

அனுமதிப் பக்கத்துக்குப் போய், மனைவி பெயருக்கு எதிரே உள்ள தடையை எடுத்து, ஓகே கொடுத்து, அடுத்த ஃபோல்டர். ஏழாவதிலேயே அலுத்துவிட்டது. பிறகுதான் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த வரியைப் படித்தேன். மேல் ஃபோல்டரில் ஒருமுறை மாற்றினால் உள்ளே உள்ள அத்தனைக்கும் அதுவே பொருந்துமாம். டிக் அடித்தேன். படங்களின் பெயர்கள் கடகடவென்று ஓடி முடிந்தன.

மனைவியைக் கூப்பிட்டேன். “எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டேன். இனிமே நீ பாக்கலாம்.”

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. “எனக்கு எதுக்குங்க? நீங்க பூட்டுன மறுநாளே ஒங்க மக அம்புட்டையும் எம்போனுக்கு அனுப்பிட்டா.”

சொன்ன வேகத்தில் போனைத் திறந்து நீட்டினாள். திரையில் ஒரு சின்னப் பெண் குழந்தை, வாயெல்லாம் பருப்புச் சோறு. யார் என்று கேட்பதற்குள் மனைவி போனைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“பேத்தியா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவ சொல்லிட்டா.”

இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.

“அவளக் கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்று போனோடு அடுப்படிக்குள் போனாள்.