எப்.ஏ.வுக்கு மதுரை, பி.ஏ.வுக்குப் பட்டணம்

பெரியப்பா மகனும் நானும் ஒரே வருஷம் மெட்ரிகுலேஷன் தேறினோம். சின்னமனூரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். ஆனால் ஆற்றுப் பாசன வயல் பெரியப்பாவுக்கு அதிகம். அதனால் அண்ணன் நேரே சென்னைக் கல்லூரிக்குப் போனான், நான் மதுரைக்கு. மதுரைக் கல்லூரி இரண்டாம் தரம். எப்.ஏ. என்ற முதல் இரண்டு வருஷப் படிப்போடு அங்கே சரி. பி.ஏ. வேண்டுமென்றால் பட்டணத்துக்குத்தான் மாற வேண்டும்.

“ரெண்டு வருசம் அங்கன படி. அத்தை வீட்டுல சாப்பாடு. பெறகு பட்டணத்துக்கு அனுப்புறேன். கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே பட்டந்தானலே” என்றார் அப்பா.

நியாயமான பேச்சுதான். என் வயிறு எரிந்தது.

பொங்கல் கழிந்து, கல்லூரி திறக்கும் சமயம், இருவர் வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பின. தேனிக்கு அருகே சாலை பிரிந்தது. ரயிலேறப் போகும் அவன் வண்டி அல்லிநகரம் வழியாகப் பெரியகுளம் பக்கம் திரும்பியது. என் வண்டி ஆண்டிபட்டிக் கணவாயை நோக்கிப் போனது. அவன் புதுத் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்து கையை ஆட்டினான். நான் மாட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

விடுமுறைக்கு அவன் பூட்ஸும் கறுப்புக் கோட்டுமாக வந்து இறங்கினான். அவன் கப்பல் பார்த்த கதையைக் கேட்க வாசலில் கூட்டம். என் அம்மாவே, “அம்புட்டுப் பெருசாய்யா? இன்னொருக்கச் சொல்லு” என்றாள். ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பி, “நீ எங்கன படிக்கிற?” என்று கேட்டார்.

“மதுரையில.”

“மதுரையா? நாங்க வாழைத்தாரு ஏத்திட்டுப் போற ஊருதான!”

அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து பொறாமையிலேயே படித்தேன். எந்தப் பாடத்தை எடுத்தாலும், அண்ணன் இதை முடித்திருப்பானோ என்றுதான் முதலில் தோன்றும். முதல் வகுப்பில் தேறினேன். சொன்னபடியே அப்பா பட்டணத்துக்கு அனுப்பினார்.

ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மறுநாள் பி.ஏ. வகுப்பில் அவனைத் தேடினேன். காணோம். தாழ்வாரத்தில் நடந்தபோது, சின்னப் பையன்களோடு எப்.ஏ. வகுப்பு பெஞ்சில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

சாயங்காலம் கடற்கரையில் அவனே சொன்னான். “இங்கிலீசுல போயிருச்சு, தம்பி. அப்பா நான் பாஸுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. ஊர்ல சொல்லிராத.”

“சொல்ல மாட்டேண்ணே.”

பசித்தவனுக்கு இலை போட்டதுபோல் ஒரு சந்தோஷம் எனக்கு. அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. சுண்டல் விற்பவன், வண்டிக்காரன், எதிரே வந்த மாணவர்கள் எல்லோரும் அவனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்னை யாருக்கும் தெரியாது. கல்லூரியிலும் நான் வெறும் ‘மதுரை’தான், பட்டம் வாங்கும்வரை அந்தப் பெயர் போகவில்லை. தோற்றவன் அவன், ஆனால் பட்டணம் அவனுடையதாக இருந்தது.

மறு பரீட்சையிலும் அவன் தேறவில்லை. படிப்பை விட்டுவிட்டு, மலைமேல் பெரியாற்றில் அணை கட்டும் இடத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான்.

நான் பி.ஏ. முடித்து ஊருக்கு வந்த வாரம், அவனும் மட்டக்குதிரையில் வந்து இறங்கினான். “இவன் இல்லாம தொரைமாரு ஒரு வேலை செய்ய மாட்டாகளாம்” என்று பெரியப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அப்பா குதிரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பி.ஏ.வுக்குக் குதிர குடுப்பாகளாலே?”

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். “நம்ம வம்சத்துலயே மொத பி.ஏ. இவந்தான்!” என்று கூவினான். அவன் முகத்தில் துளியாவது பொறாமை தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மருந்துக்கும் இல்லை.

“ஏறிப் பாக்குறியாலே?” என்று கடிவாளத்தை நீட்டினான்.

ஏறினேன். தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்த பிறகும் இறங்க மனம் வரவில்லை.