வலது பின் சக்கரம்

காலை ஐந்து ஐம்பது. நான் முதலில் பார்த்தது டிரைவர் அண்ணனின் முதுகை. பதுளையில் எங்கள் பத்திரிகையின் கிளை அலுவலகத்துக்கு முன்னால் ஜீப் நின்றது. அவர் அதன் பின்னால் குந்தியிருந்து, வலது சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. கூரைத் தகரங்களிலிருந்து மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். சாரம் கட்டியிருந்தார். வாடகைக்கு, ஹயர் ஓட வரும்போது அவரைக் காற்சட்டை இல்லாமல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மேல் டிவிசன்ல மண்ணு எறங்கிருச்சாம் தம்பி,” என்றார். “தொங்கல் லயமாம்.”

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள்; தொங்கலில், அதாவது கடைசியில், இருந்த அந்த லயத்தில்தான் அவருடைய ஒரே மகள் இருந்தாள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். வீட்டில் அவளும் மூன்று வயது மகனும் மட்டும். விடியற்காலையிலிருந்து அவளுடைய கைபேசிக்கு அழைப்பு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மணி போகவில்லை. செய்தி சொன்னவருக்கும் லயத்தில் யார் இருந்தார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று தெரியவில்லை. இதையெல்லாம் அவர் வழக்கமான குரலில், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் அழைத்தோம். ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றப் போய், பிறகு அதே லொறியை ஓட்டி, மனைவி இறந்த பின் வேலையை விட்டு நகரத்துக்கு வந்தவர். சேமலாப நிதியில் கிடைத்ததைக் கொண்டு பாவித்த ஜீப் ஒன்றை வாங்கினார். நாங்கள் செய்திக்குப் போகும் நாட்களில் எங்களுக்கு ஓடுவார். வண்டியில் பாட்டுப் போடமாட்டார். ரேடியோவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். வளைவில் யாரையும் முந்தமாட்டார். செய்தி எவ்வளவு அவசரமானாலும் கிளம்புமுன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வருவார். நாங்கள் கேலி செய்தால், “செத்தவங்க எங்கயும் ஓடிறமாட்டாங்க, நாமதான் போய்ச் சேரணும்,” என்பார்.

வாங்கிய சில வாரங்களில் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது ஒன்றும் கேட்காது. வேக முள் நாற்பதைத் தாண்டியதும் அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழும்பும். ஜன்னலை மூடினால் கூடும். ஒருநாள் மகனோடு பின் இருக்கையில் வந்த மகள், “என்னாங்கப்பா, அடியில குளவிக் கூடு கட்டிருக்கா?” என்று கேட்டாள். கொழுந்து எடுக்கிறவள். குளவிக்குப் பயந்து கொழுந்து மலையை விட்டு ஓடியிருக்கிறாள். ஜீப்புக்குக் குளவிக் கூடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. முச்சக்கர வண்டிக்காரர்கள் தரிப்பிடத்திலிருந்து கத்துவார்கள்: “அண்ணே, நீங்க ஹார்ன் அடிக்க வேணாம். சந்தி திரும்புறப்பவே நாங்க எந்திரிச்சு நிக்கிறோம்.”

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டயர் என்றார் ஒருவர். அவர் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். சத்தம் பின்னாலேயே இருந்தது. டயர் இல்லை என்று ஆனது. டிபரன்ஷல் பல் தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். எண்ணெயை மாற்றி, கெட்டியானதாக ஊற்றினார். நான்கைந்து நாள் குறைந்தது போலிருந்தது. அந்த நாட்களில் நாங்கள் தோட்டப் பாதைகளிலேயே ஓடியிருந்தோம். முள் முப்பதைத் தொட்டதே இல்லை. அதை அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார்.

பதுளையில் இருந்துகொண்டு இப்படியான சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமானால் கொஞ்ச நேரமாவது ஒரே வேகத்தில் நேராக ஓட வேண்டும். இங்கே நேரான பாதை இல்லை. ஒரு வளைவில் கூடுகிற சத்தம் அடுத்த வளைவில் குறையும். ஏற்றத்தில் காலை அழுத்த வேண்டும், இறக்கத்தில் எடுக்க வேண்டும். எது வளைவால், எது காலால் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே மொனராகலைப் பக்கம் போனோம். என்னைப் பின்னால் உட்கார்ந்து காது கொடுக்கச் சொன்னார். மகளும் பேரனும் வந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு பயணம். புளிச்சோறு கட்டி வந்திருந்தாள்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பாதை விரித்த பாய் போல நேராகக் கிடந்தது. அறுபதில் ஓட்டினார். ரீங்காரம் நிலையாக வந்தது. காலை எடுத்தார். சத்தம் மாறவில்லை. கியரை விலக்கிவிட்டு வண்டியைத் தானாக ஓடவிட்டார். அப்போதும் மாறவில்லை. “அப்ப டிபரன்ஷல் இல்ல,” என்றார். பல்லில் கோளாறு என்றால் காலுக்கு ஏற்ப சத்தம் மாற வேண்டும். மிஞ்சுவது சக்கரத்தின் பேரிங். எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் இடது என்றேன். மகள் வலது என்றாள்.

“சித்தப்பாவுக்குக் கண்ணு நல்லா இருக்கும், பேப்பர்காரரு. காதுதான் சரியில்ல,” என்றாள் என்னைக் காட்டி.

“ஆமா, நீ மெக்கானிக்,” என்றார் அப்பா.

அவர் சுக்கானை மெல்ல இடப்பக்கம் ஒடித்தார். வண்டியின் பாரம் வலப்பக்கம் சாய்ந்தது. சத்தம் சட்டென்று தடித்தது. வலப்பக்கம் ஒடித்ததும் ஏறக்குறைய நின்றுபோனது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றினார். மற்றக் கையைச் சுருள்வில்லின் மேல் வைத்திருந்தார். பிறகு என் கையை வாங்கி அங்கே வைத்தார். மணலை அரைப்பது போன்ற ஓர் அதிர்வு கம்பி வழியாக வந்தது. இடது சக்கரம் தண்ணீரைப் போலச் சுற்றியது. பேரன் இவ்வளவுக்கும் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் வெற்றிபெற்றவளாக எனக்கு மட்டும் பொரியல் குறைத்து வைத்தாள்.

அடுத்த நாளே புதிய பேரிங்கை வாங்கி, எண்ணெய்த் தாளோடு ஜீப்பின் முன் பெட்டியில் வைத்தார். அதை அச்சுத் தண்டில் அழுத்தி ஏற்றக் கையால் இயக்கும் ஒரு பிரஸ் வேண்டும். நகரத்தின் ஓரத்தில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. ஹயர்கள் கூடின. அதற்கு அடுத்த வெள்ளி என்று ஆனது. அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது.

நானும் புகைப்படக்காரரும் ஏறினோம். நகரத்தைத் தாண்டிய முதல் ஏற்றத்திலேயே அது ரீங்காரமாக இல்லை. கல் அரைபடும் சத்தம். முந்திய மாலை ஓர் ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்தபோது அதற்குள்ளால் வந்திருந்தார். தண்ணீர் உள்ளே போயிருந்தது. கிரீஸ் கருகும் மணம் வந்ததும் நிறுத்தினார். சக்கரத்தின் நடுவைத் தொட முடியவில்லை. டயரின் மேல்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. “இதோட மேல ஏறுனா தண்டு சக்கரத்தோட வெளிய வந்துரும்,” என்றார்.

அப்போது கீழிருந்து ஒரு கெப் வண்டி, பின்பக்கம் திறந்த சிறு லொறி, வந்தது. பாண் ரொட்டியும் தண்ணீர்ப் போத்தல்களும் ஏற்றிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போகிறது. இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஓட்டுநருக்கு இவரைத் தெரியும். “ஏறுங்க அண்ணே, ஜீப் கெடக்கட்டும்,” என்றார்.

டிரைவர் அண்ணன் கெப்பைப் பார்த்தார். பாண் பெட்டிகளைப் பார்த்தார். “இல்ல. திரும்பி வர்றப்ப ஆளுங்கள ஏத்த வண்டி வேணும்,” என்றார். “நான் இத சரி பண்ணிட்டு வாறேன்.”

அதில் தவறு சொல்ல முடியாது. புகைப்படக்காரர் ஏறினார். நான் இவரோடு நின்றேன். ஓர் இடம் காலியாகவே மேலே போனது.

நடந்து போகும் வேகத்தில் ஜீப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்தோம். பாஸ் விஷயத்தைக் கேட்டதும் வாயிலிருந்த பல்குச்சியை எறிந்துவிட்டு வந்தார். மின்சாரம் இல்லை. பழைய பேரிங்கைப் பிடித்திருந்த வளையத்தை உளியால் வெட்ட வேண்டியிருந்தது. தண்டை வெளியே இழுத்தபோது பேரிங்கின் குண்டுகள் நீலம் பாரித்திருந்தன. இரண்டு உடைந்திருந்தன. புதியதை ஏற்றினார்கள். எண்ணெய்த் தடுப்பு வளையத்தையும் மாற்றினார்கள். சக்கரத்தைப் பூட்டிச் சுற்றியபோது சத்தமில்லாமல் சுற்றியது. மணி ஒன்பது தாண்டியிருக்காது.

“சரிண்ணே, கெளம்புங்க,” என்றார் பாஸ்.

“இடதையும் தொறந்து பாத்துருவோம்.”

“அது நல்லாத்தானே இருக்கு. சுத்திப் பாத்தோம்ல.”

“தண்ணி ரெண்டு பக்கமும்தான் போயிருக்கும்.”

பாஸ் என்னைப் பார்த்தார். நான் ஜாக்கியை இடப்பக்கம் நகர்த்தினேன். இடது பக்கத்தைக் கழற்றினார்கள். நன்றாக இருந்தது. டிரைவர் அண்ணன் பிரேக் கட்டைகளை வெளியே எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெற்றோலில் கழுவினார். டிபரன்ஷல் எண்ணெயைத் திறந்துவிட்டார். பாலைப் போல வெளுத்து வந்தது. அதில் தண்ணீர் கலந்திருந்தது உண்மை. புதிய எண்ணெய் ஊற்றினார். நட்டுகளை ஒருமுறை இறுக்கி, சுற்றி வந்து மறுபடி இறுக்கினார். இவ்வளவு நேரத்தில் அவர் கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை. அது முன் இருக்கையில் கிடந்தது. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கை கழுவினார். பிறகு சவர்க்காரம் கேட்டு வாங்கி, நகக்கண் வரை மெதுவாகக் கழுவினார். பாஸ் தாழ்ந்த குரலில், “போதும் அண்ணே. போங்க,” என்றார்.

தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை வரைதான் வாகனம் போனது. அதற்கு மேல் நடந்தோம். மலையின் ஒரு துண்டு அப்படியே நகர்ந்து வந்திருந்தது. அதன் மேல் தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் நின்றன. அதன் கீழே லயத்தின் கடைசி நான்கு காம்பிரா வீடுகள் இருந்த இடம். மண்வெட்டிகளோடு முப்பது நாற்பது பேர் நின்றார்கள். யாரும் வெட்டவில்லை. எங்களைக் கண்டதும் ஒருவர் பள்ளிக்கூடத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

மகள் வகுப்பறையின் மர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மண். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. பக்கத்து வாங்கில் வெள்ளைத் துணியால் மூடிய சிறிய உருவம் இருந்தது. மூத்திரம் போக வெளியே வந்திருந்தவள், முதல் மண் விழுந்த சத்தம் கேட்டு அலறியிருக்கிறாள். உள்ளே ஓடுமுன் அடுத்தது வந்துவிட்டது. விடியற்காலையிலிருந்து கையால் தோண்டியிருக்கிறாள். ஆட்கள் போதவில்லை. எந்த மூலையில் அவன் படுத்திருந்தான் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் மூலைகளே இருக்கவில்லை. நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர்தான் எடுத்திருந்தார்கள். இவற்றை எனக்குச் சொன்னவர் புகைப்படக்காரர். அவரும் கமராவை வைத்துவிட்டுத் தோண்டியிருந்தார்.

டிரைவர் அண்ணன் அவளுக்கு முன்னால் நின்றார்.

“காலையிலயே வந்துருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்பா,” என்றாள். “கெப் வந்துச்சு. அதுல இருப்பீங்கன்னு பாத்தேன்.”

“பேரிங் போயிருச்சும்மா.”

அவள் தலையாட்டினாள். “எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“வலது.”

மறுபடி தலையாட்டினாள்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனம் வர மாலையாகும் என்றார்கள். எங்கள் ஜீப்பில் கொண்டுவந்தோம். அவள் பின் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். இறக்கம் முழுவதும் பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நகரத்துக்கு அருகில் கொஞ்ச தூரம் பாதை நேராக வரும் இடத்தில், டிரைவர் அண்ணன் காலை எடுத்துவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்தார். ஒரு கணம்தான். பழக்கம். பின்னர் மறுபடி காலை வைத்தார். கண்ணாடியில் அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைய செய்தியை நான்தான் எழுதினேன். அதில் பேரிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத இடமும் இல்லை. அந்தக் கெப்பில் அவர் ஏறியிருந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் முந்திப் போயிருப்பார். இரண்டு கைகள் கூடியிருக்கும். அதனால் ஏதாவது மாறியிருக்குமா என்று தோண்டியவர்களிடம் பிறகு கேட்டேன். இல்லை என்றார்கள் சிலர். தெரியாது என்றார்கள் சிலர். இடது சக்கரத்தை ஏன் திறந்தார் என்று அவரிடம் நான் கேட்டதில்லை. போய்ச் சேரும் வரை அவருக்கு ஒரு பேரன் இருந்தான். அவர் அப்படி எண்ணினாரா, அல்லது தண்ணீர் இரண்டு பக்கமும் போயிருக்கும் என்று மட்டுமே எண்ணினாரா, நான் அறியேன். இரண்டாவதும் உண்மைதான். எண்ணெய் வெளுத்திருந்ததை நானே பார்த்தேன்.

டிரைவர் அண்ணன் இன்னும் ஓடுகிறார். அந்த பேரிங் இன்னும் நன்றாக இருக்கிறது. யாராவது வண்டியில் சத்தம் என்று வந்தால் மொனராகலைப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார். மகளுக்கும் மருமகனுக்கும் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் தனி வீடு கிடைத்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அவள் அப்பாவைப் பார்க்க வருகிறாள். சமைத்து வைக்கிறாள், துணி துவைக்கிறாள், அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாலையில் அவர் குடையோடு பஸ் நிலையம் வரை அவளுடன் நடந்து போகிறார். ஜீப் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது.